என் அண்ணன் தரம் பார்த்த கண்

என் வீட்டுக்காரரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை ஆட்கள்: நிறம் தெரிந்தவர்கள், நிறம் தெரியாதவர்கள். முதல் வகையில் அவர் ஒருவர்தான் இருந்தார். மற்றதில் சிவகாசி ஊர் முழுக்க, அவருடைய முதலாளி உட்பட, எல்லாரும் இருந்தார்கள். அந்த வரிசையில் கடைசி ஆள் நான்.

அவருக்கு ஓர் அச்சாபீசில் வேலை. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கிற இடம். மை கலப்பதும், மாதிரி அச்சான புரூப் வந்ததும் நிறம் சரியா என்று பார்த்துச் சொல்வதும் அவர் பொறுப்பு. கட்டைவிரலில் மையைத் தொட்டு வெள்ளைத் தாளில் தட்டித் தட்டிப் பார்ப்பார். தாளை ஜன்னலோரம் கொண்டுபோய்த் தலையைச் சாய்த்து நிற்பார். கடைசியில் "ம்" என்பார். அந்த ஒரு "ம்" வருகிற வரைக்கும் மெஷின் ஓடாது, முதலாளி வாய் திறக்க மாட்டார். யாரிடமும் "எப்படி இருக்கு?" என்று அவர் கேட்டதே கிடையாது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு டீச்சர். பச்சை எது, நீலம் எது என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள். எனக்குச் சேலை எடுக்கும்போதுகூட என்னிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். எடுத்து வந்து கையில் கொடுப்பார். நானும் கட்டிக்கொள்வேன். கட்டிக்கொண்டு உள்ளுக்குள் வைவேன்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு வலது கண்ணில் புரை விழுந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி அது. வயசு அப்படியொன்றும் ஆகிவிடவில்லை, தலைமுடிகூடக் கறுப்பாகத்தான் இருந்தது. மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஓர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். அங்கே இருந்த டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "புரை இன்னும் முத்தலை. முத்தினதும் ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். அதுவரைக்கும் அப்பப்ப வந்து காட்டிட்டுப் போங்க" என்றார். அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம், புரை முத்தினால்தான் கத்தியை எடுப்பார்கள். டாக்டரம்மா சொன்னதில் முதல் பாதியை என் வீட்டுக்காரர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். "வந்து காட்டுங்க" என்ற பாதி, பஸ் திருமங்கலம் தாண்டுவதற்குள் அவர் மனசை விட்டு இறங்கிப் போய்விட்டது.

"புரை முத்திருச்சான்னு பாக்கறதுக்கு மதுரை வரைக்கும் போவணுமாக்கும்?" என்றார். "ஒங்க அண்ணன் எதுக்கு இருக்காக?"

என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். விருதுநகரில் கமிஷன் மண்டி வைத்திருந்த வத்தல் தரகர். மிளகாய் வத்தலை உள்ளங்கையில் வைத்து ஒரு பார்வை பார்த்தால் போதும், எந்த ஊர்க் காடு, எத்தனை வெயில் காய்ந்தது, மூட்டையை யார் எங்கே நனையவிட்டார்கள் என்று புட்டுப் புட்டு வைப்பார். மல்லி, எள்ளு, பருப்பு எதுவானாலும் அண்ணன் பார்த்துச் சொன்னால் மார்க்கெட்டில் மறு பேச்சில்லை. இந்தப் பெருமை மெல்ல மெல்லத் தலைக்கேறி, மாப்பிள்ளை பார்க்கிற வீட்டார், மாடு பிடிக்கிறவர்கள், வேதக்கோயில் கட்டச் செங்கல் வாங்குகிறவர்கள் எல்லாருக்கும் அண்ணன்தான் தரம் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது மைத்துனர் கண்ணும் வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இரண்டு பேரும் விருதுநகர் பஸ் ஏறுவோம். அண்ணன் வீட்டு முற்றத்து வெயிலில் ஒரு முக்காலி போட்டு என் வீட்டுக்காரரை உட்கார வைப்பார்கள். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, இமையை இரண்டு விரலால் பிதுக்குவார்.

"மாப்ள, கொஞ்சம் மேல பாருங்க. ம். இப்ப கீள பாருங்க. காய்தான். இன்னும் ஒரு பருவம் வரணும்."

வாரம் பூராவும் வத்தலை அளைந்த விரல் அது. சோப்புப் போட்டாலும் காரம் போகாது. கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டும். "பாத்தீகளா, தண்ணி கட்டி நிக்கி. முத்தின சரக்குன்னா வறண்டுல்ல இருக்கும்?" என்று அதையும் ஒரு சாட்சியாகச் சேர்த்துக்கொள்வார் அண்ணன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அண்ணே, மொதல்ல அந்தக் கைய எடுங்க. டாக்டர்ட்ட காட்டுவோம்" என்பேன்.

"நீ சும்மா இரு தாயி. அவசரப்பட்டுப் பச்சையில அறுத்தா சரக்கு வீணாப் போகும்."

என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்தபடி, "மச்சான் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்பார். நிறத்தில் யாரையும் நம்பாதவர், பதத்தில் மட்டும் என் அண்ணனை அப்படி நம்பினார். ஆபரேஷன் என்றால் அவருக்கு உள்ளூர உதறல் என்பது எனக்குத் தெரியும். தள்ளிப்போட ஒரு பெரிய மனுஷன் வாக்கு வேண்டியிருந்தது, அண்ணன் வாக்கு கிடைத்தது. அண்ணன் சில நாள் பக்கத்து மண்டிக்காரர்களையும் கூட்டி வருவார். அவர்களும் வரிசையாகக் குனிந்து பார்த்துவிட்டு, பொறுக்கலாம் என்பார்கள். நல்லவேளை, மூட்டையில் குத்திச் சரக்கு மாதிரி எடுக்கிற ஊசியை யாரும் கொண்டுவரவில்லை.

இப்படியே சில வருஷம் போனது. வலது கண் பாலாடை போல வெளுத்துவிட்டது. இடது கண்ணை வைத்து வேலையை ஓட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு சித்திரையில் அண்ணன் பார்த்துவிட்டு, "மாப்ள, பதம் வந்திருச்சு!" என்று முற்றத்தில் நின்று அறிவித்தார். அண்ணி பாயசமே வைத்துவிட்டாள். ஆனால் அச்சாபீசில் சீசன் தொடங்கிவிட்டது. தீபாவளிப் பட்டாசுக்கு லேபிள் ஆர்டர் குவிகிற நேரம். "சீசன் முடியட்டும், ஐப்பசி களிச்சுப் பாத்துக்கிடலாம்" என்றார் இவர். "முத்தின சரக்கு எங்க போயிரப் போவுது? இருக்கட்டும்" என்று அண்ணனும் தலையாட்டினார்.

ஆடி மாதம் ஒரு காலையில் முகம் கழுவிவிட்டு வந்தவரைப் பார்த்து நான் கையிலிருந்த தேங்காய்த் துருவலைக் கீழே போட்டேன். வலது கண் செக்கச் செவேல் என்று இருந்தது. இமை வீங்கி, பாதிக்கு மேல் திறக்கவில்லை. நெற்றிப் பொட்டை அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெளிச்சம் பட்டால் முனகினார்.

எங்கள் ஊரில் சிவந்த கண்ணுக்கு மதிப்பே கிடையாது. தெருவுக்குப் பாதிப் பேர் பட்டாசுக்கோ தீப்பெட்டிக்கோ போகிறவர்கள். கந்தகமோ ஏதோ ஒரு தூசியோ கண்ணில் விழாத நாள் இல்லை. எதிர்வீட்டுக்காரி நாரணாபுரத்தில் பட்டாசு வேலைக்குப் போகிறவள். ஒரு குடம் தண்ணீரோடு வந்துவிட்டாள்.

"பட்டாசு மருந்து பட்டிருக்கும் டீச்சர். குனியச் சொல்லுங்க, அடிச்சு ஊத்துவோம்."

"அவுக மருந்து ரூமுக்கே போகலையே, அச்சாபீசுல்ல?"

"காத்துல வந்திருக்கும். எம்புட்டுப் பாத்திருக்கேன்!"

அவள் ஊற்றினாள். பிறகு ஒருத்தி தாய்ப்பால் கொண்டுவந்தாள், இன்னொருத்தி நந்தியாவட்டைப் பூவோடு வந்தாள். வத்தல் விரல் போதாதென்று இத்தனையும் அந்தக் கண்ணில் ஏறி இறங்கின. அன்று சாயங்காலம் அவர் வலி தாளாமல் இரண்டு தடவை வாந்தி எடுத்தார். அதற்குமேல் நான் யாரிடமும் கேட்கவில்லை. "நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுக்கு மதுரை. வரமாட்டேன்னீகன்னா நான் தனியாப் போயி டாக்டரைக் கையோட கூட்டியாந்துருவேன்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. அவர் தலையாட்டினார்.

பஸ்ஸில் ஏறியதும் ஆட்கள் அவர் கண்ணைப் பார்த்தார்கள். கண்வலி என்று நினைத்துவிட்டார்கள். பார்த்தாலே தொற்றும் என்று ஊருக்கு ஒரு நம்பிக்கை. முன் சீட்டுக்காரர் முகத்தைத் துண்டால் மூடினார். பக்கத்தில் இருந்தவர் கோழிக்கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தே போய்விட்டார். ஆடி மாதக் கூட்டத்தில் எங்கள் இரண்டு பேருக்கு மூன்று சீட்டு. அந்த வலியிலும் இவர், "இப்படின்னு தெரிஞ்சிருந்தா மொதல்லயே செவக்க வச்சிருக்கலாம்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் நாளே ஆள் சொல்லிவிட்டிருந்தேன், விருதுநகரில் அண்ணன் ஏறிக்கொண்டார். கண்ணைப் பார்த்தவர், வழக்கம்போல் விரலை நீட்டினார். நான் பார்த்த பார்வையில் விரல் தானாகவே மடங்கிக்கொண்டது.

டாக்டரம்மா அதே அம்மாதான். பார்க்கப் பார்க்க அவர் முகம் கடுத்தது.

"ஏன் இவ்வளவு நாள் வரலை?"

"முத்தட்டும்னு இருந்தோம்" என்றார் இவர்.

"முத்திடுச்சா இல்லையான்னு யார் பார்த்தது?"

நான் அண்ணனைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் வெளிச்சம் தாங்காமல் இரண்டு கண்ணையும் மூடியிருந்தாலும் அண்ணன் நின்ற திசையில் கையைக் காட்டினார். அண்ணன் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"நாந்தாம்மா."

"நீங்க டாக்டரா?"

"இல்லம்மா. வத்தல் கமிஷன்."

பக்கத்தில் நின்ற நர்ஸ் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு தாளில் கண்ணை வரைந்து காட்டினார். புரை முத்தி, முத்தின பிறகும் எடுக்காமல் விட்டதால் உள்ளே கூழாகிப் போயிருக்கிறது. மேலுறை வழியே பால் மாதிரிக் கசிந்து கண்ணுக்குள் பரவியிருக்கிறது. சொந்தக் கண்ணில் இருந்ததுதான் என்றாலும், உறைக்குள் இருந்தவரைக்கும்தான் சொந்தம். வெளியே வந்ததும் கண் அதை எதிரியாக நினைத்துச் சண்டை போடுகிறது. அதுதான் இந்தச் சிவப்பு, வீக்கம், வலி எல்லாம். முதலில் மருந்து விட்டு அதை அடக்கிவிட்டு, புரையை எடுக்க வேண்டும்.

"பார்வை வந்துருமா?" என்று நான் கேட்டேன்.

"இப்ப சொல்ல முடியாதும்மா. வந்தா அதிர்ஷ்டம். இடது கண்ணிலயும் புரை ஆரம்பிச்சிருக்கு, அதையும் மனசில வச்சுக்கோங்க."

அண்ணனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அழுகிக் கசிந்து பக்கத்து மூட்டையையும் கெடுக்கிற சரக்கு அவருக்குத் தெரியாததா? வராந்தாவுக்குப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரர் என்னிடம் மட்டும், "கண்ணு போச்சுன்னா என்னைய லேபிள் எண்ணுற மேசையில உக்கார வச்சிருவாக" என்றார். அச்சாபீசில் வயசாகிப்போனவர்கள் உட்கார்ந்து கட்டுக் கட்டாக லேபிள் எண்ணுகிற மேசை அது. அவர் பயந்து பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மருந்தில் வீக்கம் அடங்கியதும் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை. இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை. அசையக்கூடாது, இருமக்கூடாது, தும்மக்கூடாது, மெல்லக்கூடாது, கஞ்சி மட்டும். எல்லாவற்றுக்கும் மேலே, சிரிக்கவே கூடாது. "சிரிச்சா தையல் விட்டுப் போயிடும்" என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சிரிக்காமல் உட்கார வைத்த அனுபவம் எனக்கு இருந்தது. ஆனால் அங்கே என் அண்ணன் கிடையாது.

அண்ணன் மண்டியை அடைத்துப் போட்டுவிட்டு தினமும் வந்தார். செய்த காரியத்துக்குப் பரிகாரமாக வாயை மூடிக்கொண்டு இருப்பதாகத்தான் வருவார். ஆனால் அவர் வாய் திறக்காமல் உட்கார்ந்தாலே போதும். என் வீட்டுக்காரருக்கு அவர் இருப்பது தெரிந்துவிடும், "வத்தல் கமிஷன்" ஞாபகம் வந்துவிடும், உதடு துடிக்க ஆரம்பித்துவிடும். நான் ஓடிப்போய்த் தாடையைப் பிடித்துக்கொண்டு அண்ணனை வராந்தாவுக்குத் துரத்துவேன். பெற்ற தாய்க்குச் சமமாக மதிக்கிற அண்ணனை நான் நாயை விரட்டுகிற மாதிரி விரட்டினேன். அவரும் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பணிவாக வெளியே போவார்.

ஒருநாள் அச்சாபீஸ் போர்மேன் கையில் புரூப்போடு வந்து நின்றார். சீசன் நேரம், சரவெடி லேபிள் ஆர்டர், லோடு அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. இவர் "ம்" சொல்லாமல் மெஷினை ஓட்ட அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை.

"அண்ணாச்சி, செவப்புதான் பிடிபட மாட்டேங்குது" என்றார் போர்மேன்.

"இப்ப என்ன நெறத்துல நிக்கி?" என்றது கட்டுக்குக் கீழே இருந்த வாய்.

"செவப்பா இருக்கு."

"அட, எப்படிச் செவப்பு?"

"நல்ல செவப்பு அண்ணாச்சி."

என் வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். போர்மேனுக்குச் சிவப்பு என்றால் ஒரே சிவப்புதான். வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் பொறுக்க மாட்டாமல் உள்ளே வந்து புரூப்பை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"மாப்ள, இது சாத்தூர்ப் பக்கத்து முண்டு வத்தல். ஒரு வெயில்தான் காஞ்சிருக்கு. காம்புக்கிட்ட பச்சை வாடை அடிக்கி."

"ஒரு வெயில் பத்தாது மச்சான். மூணு வெயில் வேணும்."

"மூணுன்னா கறுத்துப் போகுமே?"

"கறுக்காது. நெழல்ல காஞ்ச மூணு வெயில்."

"அதான பாத்தேன்!" என்றார் அண்ணன்.

போர்மேன் பென்சிலை எடுத்து, புரூப்பின் ஓரத்தில் "நிழல் வெயில் மூன்று" என்று எழுதிக்கொண்டு அப்படியே புறப்பட்டார். போகும்போது என்னிடம், "மை டப்பாவுல அப்படி ஒண்ணும் எழுதியிருக்காதே டீச்சர்" என்று கவலையோடு கேட்டார். அண்ணன் வாயில் துண்டை வைத்து அடைத்துக்கொண்டார். கட்டிலில் இருந்தவர் வயிறு மட்டும் குலுங்கியது. நான் இரண்டு கையாலும் அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு, ஆண்டவரே இந்தத் தையலைக் காப்பாற்றும் என்று மனசுக்குள் ஜெபம் பண்ணினேன். தையல் தப்பியது. அண்ணனே போர்மேனோடு சிவகாசிக்குப் போய், மெஷின் பக்கத்தில் ஒரு வத்தலை வைத்துக்கொண்டு நின்று அந்த லேபிளை அடிக்க வைத்துவிட்டு வந்தார். நல்ல சிவப்பு என்று எல்லாரும் சொன்னார்கள்.

கட்டை அவிழ்த்த அன்று டாக்டரம்மா ஒரு தடித்த கண்ணாடி வில்லையை வலது கண் முன்னால் பிடித்தார். இவர் கொஞ்ச நேரம் விழித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீல சேலை எப்ப எடுத்த?" என்றார். நான் கட்டியிருந்தது வெள்ளைச் சேலை. பார்வை வந்துவிட்டது என்று அழுவதா, நிறம் போய்விட்டது என்று அழுவதா என்று தெரியாமல் நின்றேன். டாக்டரம்மா, பயப்பட வேண்டாம் என்றார். கண்ணுக்குள் இருந்த, புரை விழுந்த வில்லை வருஷக்கணக்கில் மஞ்சளடித்துப் போயிருந்தது. அதை எடுத்துவிட்டதால் எல்லாம் நீலம் பாரித்துத் தெரியும். போகப் போகக் கொஞ்சம் பழகிவிடும். இடது கண்ணில் மஞ்சள் இன்னும் இருக்கிறது.

சோடாபுட்டிக் கண்ணாடியோடு வீடு வந்தார். வலது கண்ணால் பார்த்தால் எல்லாம் பெரிசு, நீலம். இடது கண்ணால் பார்த்தால் சிறிசு, மஞ்சள். தம்ளரை எடுக்கப் போனால் கை ஒரு சாண் முன்னாலேயே மூடிக்கொள்ளும். அதையெல்லாம் சிரித்துக்கொண்டே சமாளித்தார். ஒருநாள் அலமாரியிலிருந்து பழைய லேபிள்களை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பரப்பினார். ஒரு தீப்பெட்டிக் கம்பெனிக்கு வருஷா வருஷம் அடித்துக் கொடுத்த கிளிப் படம் அது. ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மறு கண்ணை மூடிப் பார்த்தார். முகம் சுண்டிப் போய்விட்டது. புரை கூடக் கூட, பச்சை மங்குகிறது என்று நினைத்து வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக நீலத்தைக் கூட்டியிருக்கிறார். கடைசி வருஷத்தில் அந்தக் கிளி ஏறக்குறைய மீன்கொத்தியாகிவிட்டது. சாயல்குடிப் பக்கம் மீன்கொத்திப் பெட்டி என்று கேட்டே வாங்குகிறார்களாம். கம்பெனிக்காரரும் சொல்லவில்லை, போர்மேனும் சொல்லவில்லை. அவர் "ம்" சொன்ன பிறகு யார் சொல்வார்கள்? அடுப்புப் பற்றவைக்கப் பெட்டியை எடுக்கும்போது எனக்கும் கொஞ்ச வருஷமாக அது மீன்கொத்தியாகத்தான் தெரிந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை.

மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்து ஒரு வாரம் இருக்கும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து உலை வைத்துக்கொண்டிருந்தேன். அவர் நேரே அடுப்பங்கரைக்கு வந்தார். உள்ளே வருகிற வழக்கமே கிடையாது. சட்டைக்குள்ளிருந்து ஒரு புரூப்பை எடுத்தார். புதுக் கிளி. அச்சாபீசில் புரூப் வெளியே போகக்கூடாது என்று கத்துகிறவரே அவர்தான்.

"எனக்கு ரெண்டு கண்ணும் ரெண்டு சொல்லுது" என்றார். "எதை நம்பன்னு தெரியலை. நீ பாத்துச் சொல்லு. எப்படி இருக்கு?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் கேள்விக்கு என்னிடம் ஆயிரம் பதில் தயாராக இருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்து, எனக்கே கிளி மங்கலாகத் தெரிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டுத் தாளை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோனேன். தலையைச் சாய்த்துப் பார்த்தேன். என்னை அறியாமல் அப்படியே நின்றிருக்கிறேன்.

"றெக்கையில இன்னும் கொஞ்சம் மஞ்சள் வேணும்" என்றேன்.

"எம்புட்டு?"

சுண்டுவிரல் நுனியைத் தொட்டுக் காட்டினேன். அவர் மறு பேச்சுப் பேசாமல், கண்ணாடியைத் தாளோடு ஒட்ட வைத்துக்கொண்டு, நான் சொன்னதை ஓரத்தில் எழுதிக்கொண்டார். பிறகு உலை பொங்குகிறது என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு அச்சாபீசுக்குத் திரும்பிப் போனார்.